வலப்பக்கம் திரும்பாத வண்டி

"திரும்ப மாட்டேங்குதுடி" என்றாள் அக்கா, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. காலையெல்லாம் வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிஃப்டுக்கு அடியில் அண்ணாந்து நின்று, கழுத்துப் பிடித்துக்கொள்ள, அவளுடைய பந்தயக் காருக்கு மயிரிழை பிசகாமல் வைத்து அனுப்பிய சக்கரங்கள் அவை. அலைன்மென்ட் மிஷினின் திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. பேருக்குக்கூட ஒரு சிவப்பு இல்லை. அந்தப் பச்சையைக் கண்குளிரப் பார்த்துவிட்டுத்தான் ஒரு வாய் டீ குடிக்க உட்கார்ந்தேன். டீ ஆறுவதற்குள் குறையோடு திரும்பி வந்துவிட்டாள்.

"எந்தப் பக்கம் திரும்பல?"

"வலது பக்கம்தான். இடது வளைவுல ஜோரா போகுது. வலது வந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குது."

"முந்தாநாள் கனமா இருக்குன்ன. நேத்து நேரா போக மாட்டேங்குதுன்ன. இன்னைக்கு திரும்ப மாட்டேங்குதா? இது வண்டியா, இல்ல நம்ம சித்தியா?"

"சித்தியாவது சொன்னா கேப்பா" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஹெல்மெட்டைப் பெஞ்சில் வைத்து, தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை அவள் வேலை முடிந்தது. குறையைச் சொல்வது அவள் பாடு, தீர்ப்பது என் பாடு.

நான் சக்கரம் நேர் செய்கிறவள். பந்தயப் பாதையின் பின்சுவரை ஒட்டி வரிசையாகப் பட்டறைகள் இருக்கின்றன. அதில் தகரக் கூரை போட்ட ஒன்று எங்களுடையது. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் என்னை டிகிரி என்று கூப்பிடுவார்கள். படித்து வாங்கிய டிகிரி அல்ல, வாய் திறந்தால் அரை டிகிரி, கால் டிகிரி என்று பேசுவதால் வந்த பெயர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதும் அந்த வரிசை முழுக்கத் தெரியும். ஆனாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் திட்டு வாங்கிக்கொண்டாவது என்னிடம்தான் வருவார்கள்.

நான் திருத்துவது மூன்றே சங்கதி. மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களின் மூக்கு ஒன்றையொன்று பார்க்கிறதா, சண்டை போட்டவர்கள் மாதிரி வெளியே பார்க்கிறதா என்பது டோ. முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை எவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். பக்கவாட்டில் நின்று பார்த்தால், சக்கரம் திரும்புகிற அச்சு எவ்வளவு பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது காஸ்டர். காஸ்டரைக் கூட்டினால் வண்டி நேர்க்கோட்டில் கல் மாதிரி நிற்கும், ஆனால் ஸ்டீயரிங் கனக்கும். குறைத்தால் ஸ்டீயரிங் லேசாகச் சுற்றும், வண்டி அலைபாயும். ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிற வேலை இது. எல்லாமே வேண்டும் என்கிறவர்களுக்குக் கொடுக்க என்னிடம் வசவுதான் உண்டு.

அக்காவுக்கு இந்த முறை எல்லாமே வேண்டியிருந்தது. காரணமும் இருந்தது. போன வருடம் ஒரு பந்தயத்தில் பின்னால் வந்தவன் இடித்து, சுவரில் மோதி, இடது தோள்பட்டை நொறுங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் இருந்த குழு அவள் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டது. அவனும் சரியாக ஓட்டவில்லை என்று இப்போது இடம் மறுபடி காலி. குழு மேனேஜர் கூப்பிட்டு, "சனிக்கிழமை காலையில உங்க வண்டியிலயே வந்து ஓட்டிக் காட்டுங்க, பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார். அவளுக்குப் பிறகு ஓட்டிக் காட்ட ஒரு இளவட்டம் வரிசையில் நின்றான். நாற்பதைத் தொடப்போகிறவளை இன்னொரு தடவை எவரும் கூப்பிடப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அத்தானுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அத்தான் என்றால் அக்கா வீட்டுக்காரர். எங்கள் பட்டறையிலேயே ஒரு மூலையில் தையல் மிஷின் போட்டு வண்டி சீட்டு தைக்கிறவர். அக்காவும் நானும் கத்தும்போது மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பார். அந்தச் சத்தத்தில் எங்கள் சத்தம் அமுங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் உண்டு. அக்கா ஸ்பேனரைத் தொடக்கூடாது, நான் ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது. ஆரம்பத்தில் இரண்டு பேரும் இரண்டையும் செய்தோம். ஒருத்தி வேலையில் மற்றவள் நொட்டை சொல்லி, அம்மா எங்களுக்கு வெவ்வேறு அறையில் தட்டு வைக்கிற அளவுக்குப் போனது. அப்புறம்தான் அந்த ஒப்பந்தம். அதிலிருந்து அவள் ஓட்டிவிட்டு வந்து வாயால் சொல்வாள், நான் அதை டிகிரியாக மாற்றி வைப்பேன். வண்டியைக்கூடத் தள்ளித்தான் லிஃப்டில் ஏற்றுவேன், ஓட்டி ஏற்ற மாட்டேன். இத்தனை வருடத்தில் அவள் சொன்னதில் ஒரு சொல் தப்பியதில்லை. பின்பக்கம் விலகுது என்பாள், போய்ப் பார்த்தால் பின்சக்கரம் நூலளவு விலகியிருக்கும். மிஷினைவிட நான் நம்பியது அவள் வாயைத்தான். அதனால்தான் இந்த முறை பைத்தியம் பிடிக்காத குறையாக அலைந்தேன்.

முதலில் கனமாக இருக்கிறது என்றாள். காஸ்டரைக் குறைத்தேன். ஓட்டிவிட்டு வந்து, "கை நல்லாருக்கு, ஆனா நேர்ப்பாதையில அலையுது" என்றாள். முன்சக்கரங்களை மூக்கோடு மூக்கு லேசாகச் சேர்த்து வைத்தேன். அலைவது நின்றது, வலது பக்கம் திரும்பவில்லை என்றாள். மூக்கைப் பிரித்து, கேம்பரைக் கூட்டினேன். பிரேக் பிடித்தால் உதறுகிறது என்றாள். பின்சக்கரங்களை உள்ளே திருப்பினேன். உதறல் போனது, மறுபடியும் கனம் வந்துவிட்டது என்றாள். மறுபடியும் காஸ்டரைக் குறைத்தேன். கிழிந்த சட்டையின் ஒட்டுக்கு ஒட்டுப் போடுகிற கதைதான். இத்தனை செய்தும் வலது பக்கம் மட்டும் திரும்பவே இல்லை என்றாள்.

ஒரு பக்கம் மட்டும் திரும்பாத வண்டிக்கு ஒரு பக்கத்தில் மட்டும் கோளாறு இருக்கவேண்டும். இடது ஸ்பிரிங்கையும் வலது ஸ்பிரிங்கையும் கழற்றி அளந்தேன், ஒன்றுதான். நான்கு சக்கரத்துக்கும் தராசு வைத்து எடை பார்த்தேன், சமம். ஸ்டீயரிங் கம்பிகளின் முனைகளை ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. இடது டயரை வலதிலும் வலது டயரை இடதிலும் மாட்டினேன். டயர் கோளாறாக இருந்தால் இனிமேல் இடது பக்கம்தான் மக்கர் பண்ண வேண்டும். பண்ணவில்லை. வலது பக்கமே திரும்பவில்லை.

"டிகிரி" என்றார் பக்கத்துப் பட்டறை கியர்பாக்ஸ் அண்ணன், எட்டிப் பார்த்து. "பேசாம உங்க அக்காவை இடது பக்கமாவே போகச் சொல்லு. உலகம் உருண்டைதானே, சுத்திக்கிட்டு வந்துடுவா."

கையிலிருந்த துணியை அவர் மேல் எறிந்தேன். அவர் அதைப் பிடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். முகமெல்லாம் கிரீஸ். அந்த வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

வியாழக்கிழமை வெடித்துவிட்டது. அக்கா வண்டியை நிறுத்தி இறங்கி, "இன்னும் லேசா வேணும்" என்றாள்.

"இதுக்கு மேல லேசாக்கினா காத்துல பறக்கும்க்கா. நேர்ப்பாதையில அந்த வேகத்துல போறப்போ ஒரு சின்னக் கல்லு பட்டாப் போதும், எங்க திரும்பும்னு யாருக்கும் தெரியாது."

"அதை நான் பார்த்துக்கறேன். நீ குறைச்சு வை."

"குறைக்க மாட்டேன். வண்டியில ஒரு கோளாறும் இல்ல. சத்தியமா இல்ல. எல்லாம் சமமா இருக்கு."

"உனக்கு மிஷின்ல பச்சை வந்தாப் போதும்டி. ஓட்டுறது நான். சுவர்ல மோதுனதும் நான்."

சுவரை இழுத்தால் நான் வாயை மூடிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். மூடினேன். கண்ணில் நீர் முட்ட, லாக் நட்டைத் தளர்த்தி, அவள் கேட்டபடியே குறைத்து வைத்தேன். அத்தானின் தையல் மிஷின் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பார்த்தால் ஊசியில் நூலே இல்லை.

மறுநாள் மதியம் அக்கா பாதை அலுவலகத்துக்குப் போயிருந்தாள், சனிக்கிழமைக்கு ஓட்டுகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சட்டதிட்டம் சொல்லும் கூட்டத்துக்கு. வண்டி பட்டறை வாசலில் வெயிலில் நின்றது. நான் அதை முறைத்துக்கொண்டு நின்றேன். சாப்பாடு இறங்கவில்லை. வண்டியும் என்னைக் கேலி செய்வது போலத்தான் இருந்தது. ஒப்பந்தமாவது, மண்ணாங்கட்டியாவது என்று அவளுடைய பழைய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தேன்.

அது ஒற்றை ஆள் உட்காரும் வண்டி. சீட்டு அக்காவின் உடம்புக்குத் தைத்தது. உட்கார்ந்ததுமே என் இடது தோள் மேலே தூக்கிக்கொண்டது. தடவிப் பார்த்தேன். இடது பக்கம் மட்டும் அடியில் கூடுதலாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. அத்தான் கை தவறித் தைக்கிறவர் அல்ல. சரி, அவளுக்கு அப்படி வசதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தேன்.

ஸ்டீயரிங்குக்கு விபத்துக்குப் பிறகு புதிதாகத் தோல் உறை தைத்திருந்தார் அத்தான். வலது கை பிடிக்கிற இடத்தில் அந்தத் தோல் வியர்வையில் கறுத்து, பளபளவென்று வழுக்கியது. இடது கை பிடிக்கிற இடம் தைத்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. தையலின் வெள்ளை நூல்கூட அழுக்காகவில்லை.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என் புத்தி அப்படி. டிகிரியில் வந்தால்தான் ஏறும். வண்டியைக் கிளப்பிப் பாதைக்குள் விட்டேன்.

முதல் வளைவில் பயந்துவிட்டேன். ஸ்டீயரிங் குழந்தை விளையாட்டுச் சாமான் மாதிரி சுற்றியது. இரண்டு கையாலும் பிடித்தால் வண்டி துள்ளியது, ஒரு மூச்சு விட்டால் அதற்கும் திரும்பியது. வலது வளைவு வந்தது. கூச்சநாச்சமில்லாமல் திரும்பியது! தேவைக்கு மேலேயே திரும்பியது. இடதும் அப்படியே. எங்கே திரும்பவில்லை? எந்தக் கழுதை சொன்னது திரும்பவில்லை என்று? ஹெல்மெட்டுக்குள்ளேயே கத்தினேன்.

இரண்டாவது சுற்றில் கியர் மாற்ற இடது கையை எடுத்தேன். எடுத்த கை கியர்க் கம்பியின் மேலேயே இருக்க, வலது கை மட்டும் ஸ்டீயரிங்கில் இருந்தது. வண்டி சட்டென்று அமைதியாகிவிட்டது. துள்ளல் இல்லை. ஒற்றைக் கையால் இடது பக்கம் தள்ளினேன், வெண்ணெய் மாதிரி போனது. வலது பக்கம் இழுத்தேன், இன்னொரு கை ஒத்தாசைக்கு இல்லாமல் பாதி வளைவில் என் மணிக்கட்டு நின்றுவிட்டது. வண்டி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளிப்பக்கம் போனது. அக்கா சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

பாதையோரப் புல்லில் வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் கால் டிகிரி, அரை டிகிரி என்று நான் என் கையாலேயே ஒரு ஒற்றைக்கை வண்டியைச் செய்து கொடுத்திருக்கிறேன். அவள் ஒரு முறைகூடப் பொய் சொல்லவில்லை. கை என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். விபத்துக்குப் பிறகு, ஹெல்மெட்டுக்கு இடைஞ்சல் என்று அவ்வளவு நீள முடியை வெட்டிப்போட்டபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். தலைக்கு மேல் கை தூக்கிப் பின்ன முடியாதவள் வேறு என்ன செய்வாள்?

பட்டறைக்கு வந்து நேரே அத்தானிடம் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே மிஷினிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"எப்போலருந்து தெரியும் உங்களுக்கு?"

"ஆஸ்பத்திரியிலருந்து வந்ததிலருந்தே" என்றார் அத்தான். "சட்டை போட்டு விடறது நான்தானே."

"ஒரு வார்த்தை சொல்லலாம்ல எங்கிட்ட? பஞ்சு வச்சுத் தைக்கத் தெரிஞ்சுது, வாயைத் திறக்கத் தெரியலயா?"

"சொல்லக் கூடாதுன்னுட்டா. உனக்குத் தெரிஞ்சா நீ வண்டியைத் தர மாட்டேன்னு..." கையிலிருந்த கத்தரியை ஓரமாக வைத்தார். "ஓட்டாம இருந்த மாசமெல்லாம் அவ எப்படி இருந்தான்னு நீ பார்க்கல. நான் பார்த்தேன். அதான்."

அதற்கு மேல் அவரைத் திட்ட முடியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அக்கா கூட்டம் முடிந்து வந்தாள். வாசலிலேயே மறித்தேன்.

"இடது கையைத் தூக்கு."

"என்னத்துக்கு?"

"தூக்குக்கா."

அத்தானை ஒரு பார்வை பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அக்கா மெல்லக் கையைத் தூக்கினாள். மார்பு உயரம் வரை வந்தது. அதற்கு மேல் முகம்தான் சுருங்கியதே தவிர கை வரவில்லை. இறக்கிக்கொண்டாள்.

"வண்டியை ஓட்டினியா?" என்றாள். "ஒப்பந்தத்தை மீறிட்ட."

"ஒப்பந்தம் பேசாத! ஒத்தைக் கையோட அந்த வேகத்துல... உனக்கு அறிவிருக்கா? பழைய சுவரு பத்தலையா? நான் திருப்பி வச்ச சக்கரத்துலயே போய்ச் சாகணுமா நீ? அப்புறம் நான் எந்த மூஞ்சியோட இந்த ஸ்பேனரைத் தொடுவேன்?"

"ஒரே ஒரு நாள்டி" என்றாள். கெஞ்சிப் பார்த்ததில்லை நான் அவளை. "நாளைக்கு ஒரு நாள் ஓட்டிக் காட்டிட்டா இடம் வந்துடும். சீசனுக்கு இன்னும் மாசக்கணக்கா இருக்கு. அதுக்குள்ள கை சரியாயிடும்."

"ஆகலன்னா?"

"ஆகும்."

"டாக்டர் சொன்னாரா?"

அவள் என்னைக் கடந்து உள்ளே போய், சீட்டுக்குப் போடும் பஞ்சு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள். சின்ன வயதில் மார்க் குறைந்தால் இப்படித்தான் அரிசி மூட்டையின் மேல் போய் உட்காருவாள்.

அன்று சாயங்காலம் வண்டியைத் தள்ளி லிஃப்டில் ஏற்றினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். காஸ்டரை முழுக்கப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். டோவை, கேம்பரை, பின்சக்கரத்தை, எல்லாவற்றையும் விபத்துக்கு முன்னால் அவள் ஜெயித்துக்கொண்டிருந்த காலத்து அளவுக்கே வைத்தேன். ஒவ்வொரு நட்டையும் இறுக்கும்போது அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். தடுக்கவில்லை.

"முன்ன இருந்த மாதிரி வச்சுட்டேன்" என்றேன். "நாளைக்கு இதை ஓட்ட முடிஞ்சா இடம் உன்னோடது. நானே மாலை போடறேன். முடியலன்னா இறங்கிடு. வேற மாதிரி வச்சுத் தர மாட்டேன்."

"இனிமே எங்கிட்ட பேசாத" என்றாள் அக்கா.

வழியெல்லாம் பேசவில்லை. அவள் வீட்டுத் திருப்பத்தில் பிரியும்போதும் பேசவில்லை. காலையிலும் பேசாமலேயே வந்து வண்டியில் உட்கார்ந்தாள். அத்தான்தான் பெல்டை மாட்டிவிட்டார். நான் டயரின் காற்றைப் பார்க்கிற சாக்கில் பக்கத்தில் குனிந்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேனேஜர் கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, தடுப்புச் சுவரோரம் நின்றார். அடுத்து ஓட்ட வேண்டிய இளவட்டம் தன் வண்டிக்குப் பக்கத்தில் உடம்பை வளைத்து நெளித்துக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் கோத்து இப்படியும் அப்படியும் சாய்ந்தான். அவனை அங்கேயே நான்கு அறை விடலாம் போல இருந்தது. பாவம், அவன் என்ன செய்தான்?

அக்கா கிளம்பினாள். எங்களால் பாதை முழுவதையும் பார்க்க முடியாது, பாதிக்கு மேல் சத்தம்தான். சத்தம் எனக்குப் போதும். நேர்ப்பாதையில் இஞ்சின் ஒரே சுருதியில் ஏறியது, அலைச்சலே இல்லை. இடது வளைவு சுத்தம். பிறகு வலது. அங்கே சத்தம் ஒரு நொடி விழுந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்கிறாள். எடுக்கவே கூடாத இடம் அது. அடுத்த வலது வளைவில் இன்னும் கொஞ்சம் முன்னாலேயே விழுந்தது. என் பக்கத்தில் அத்தான் தன் இடது தோளைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது சுற்றில் எங்கள் கண்ணெதிரே இருந்த வலது வளைவுக்கு வந்தாள். இந்த முறை சத்தம் விழவில்லை. விட மாட்டேன் என்று மிதித்துக்கொண்டே வந்தாள். "விட்டுடுக்கா" என்று கத்தினேன், அவளுக்கு எங்கே கேட்கப்போகிறது? வண்டி பாதி வளைவு வரை அருமையாகத் திரும்பியது. அப்புறம் திரும்புவதை நிறுத்திவிட்டு நேரே போனது. பாதையைத் தாண்டி, புல்லைக் கிழித்துக்கொண்டு போய், சுவருக்கு ஒரு வண்டி நீளம் இருக்கும்போது நின்றது. வண்டி சுற்றவில்லை, உதறவில்லை. வைத்தது வைத்தபடி நேராகப் போய் நின்றது.

மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் நிறுத்தினாள். மேனேஜர் வந்துவிட்டார். பட்டறை வரிசையிலிருந்து கியர்பாக்ஸ் அண்ணனும் இன்னும் சிலரும் வந்தார்கள்.

"என்னங்க ஆச்சு?" என்றார் மேனேஜர். "வண்டியா?"

என் வாய் முந்திக்கொண்டது.

"என் தப்புங்க. அலைன்மென்ட் நான்தான் பார்த்தேன். நேத்து எல்லாத்தையும் மாத்தி வச்சேன், அவசரத்துல வலது பக்கம் தப்பா வச்சுட்டேன் போல. அதான் திரும்பல. அவங்க மேல ஒண்ணுமில்ல. இன்னொரு நாள் குடுங்க."

கியர்பாக்ஸ் அண்ணன் என்னை வெறித்துப் பார்த்தார். இந்த வரிசையில் இத்தனை வருடத்தில் தப்பா வச்சுட்டேன் என்று நான் சொல்லி எவரும் கேட்டதில்லை. வேறு எவராவது என்னை அப்படிச் சொல்லியிருந்தால் ஸ்பேனர் பறந்திருக்கும். மேனேஜர் மேலும் கீழும் என்னைப் பார்த்தார். இப்படி ஒருத்தியை நம்பியா வண்டியைக் கொடுத்தார்கள் என்கிற பார்வை. பார்க்கட்டும் என்று நின்றேன்.

"இவ்வளவு பெரிய வேலையை இப்படி அசட்டையாவா செய்வீங்க?" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "சரி, நேர்ப்பாதையில நல்லாத்தான் வந்தாங்க. அலைன்மென்ட்டை வேற நல்ல ஆளா வச்சுப் பார்த்துட்டு அடுத்த வாரம்..."

"இல்லங்க" என்றாள் அக்கா, வண்டிக்குள்ளிருந்து.

எல்லோரும் திரும்பினார்கள். ஹெல்மெட்டின் கண்ணாடியை வலது கையால் தூக்கிவிட்டாள்.

"வண்டி சரியா இருக்கு. இவ வச்சதுல அணுவளவு குறையில்ல. எனக்குத்தான் கை வரல. இடது கை." ஒரு மூச்சு வாங்கினாள். "இனிமே வராதுன்னு டாக்டர் போன மாசமே சொல்லிட்டாரு."

மேனேஜர் தலையை ஆட்டினார். ஸ்டாப்வாட்சை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, வந்த வழியே நடந்தார். கியர்பாக்ஸ் அண்ணன் மற்றவர்களையும் தள்ளிக்கொண்டு போனார். அத்தான் மட்டும் கொஞ்சம் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

நான் வண்டிக்குள் குனிந்து பெல்டைக் கழற்றினேன்.

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?" என்றேன். "அவரு நம்பிட்டாரு. ஒரு வாரம் கிடைச்சிருக்கும்ல?"

"ஒரு வாரத்துல புதுசா கை முளைக்குமா?" என்றாள். பிறகு, "அவரு உன்னைப் பார்த்தாரு பாரு ஒரு பார்வை. அதை என்னால பார்த்துட்டு உட்கார்ந்திருக்க முடியலடி" என்றாள்.

அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அவளுடைய இடது கையை நானே பிடித்து, குழந்தைக்குச் சட்டை கழற்றுவது போலத் பெல்டின் தோள் வாரிலிருந்து வெளியே எடுத்துவிட்டேன். வலித்திருக்கும்.

"இறங்கு, வீட்டுக்குப் போகலாம்."

"கொஞ்ச நேரம் இருக்கேன்" என்றாள். வலது கை ஸ்டீயரிங்கின் மேல் இருந்தது. "இறங்கிட்டா அவ்வளவுதானே."

முன்சக்கரத்தின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். டயரின் சூடு முதுகில் ஏறியது.

பின்னால் அந்த இளவட்டம் இஞ்சினைக் கிளப்பி உறுமவிட்டான். அவனுக்கு வழிவிடச் சொல்லி, கொடி பிடித்திருந்த ஆள் எங்களைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினார். வண்டியை எடுங்க, எடுங்க என்று கூப்பிட்டுக்கொண்டே கிட்டே வந்தார்.

"இருய்யா!" என்று எழுந்து நின்று கத்தினேன். "எங்க அக்கா உட்கார்ந்திருக்கா, தெரியல?"